உஷ்ணத்தின் கிரயம்

சித்திரை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், காலையிலிருந்து குடித்த வெயிலையெல்லாம் மொட்டை மாடித் தளம் எங்கள் மாடியறைக்குள் கக்கிக்கொண்டிருந்த வேளையில், எதிர்வீட்டு நண்பர் தம் பெண்ணோடும், கடையில் எழுதி வாங்கிய ஒரு விலைச்சீட்டோடும் படியேறி வந்தார். ரயில்வேயில் முப்பது வருஷத்துக்கு மேல் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காயைக் காம்பு திருப்பிப் பார்க்காமல் பையில் போடாதவர். அப்படிப்பட்டவர், லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு வஸ்துவை அரை மணி நேரம் தொட்டும் தடவியும் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் திரும்பியிருந்தார்.

"சார், நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார். ரெண்டுலயும் ஒரே சிப்புதான்னு கடைக்காரனே சொல்றான். அப்புறம் எதுக்கு இதுக்கு மட்டும் அம்பதாயிரம் கூட?"

"இது ஃபேன் வச்சது அங்கிள். அது ஃபேன் இல்லாதது. எனக்கு வீடியோ எடிட் பண்ணணும்" என்றாள் பெண். அவளுக்குக் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிப்பில் இடம் கிடைத்திருந்தது.

தந்தை கேட்டது பொருளாதாரக் கேள்வி. பெண் சொன்னது பௌதிக விடை. உயர்ந்த விலை மடிக்கணினியைப் பற்றி நான் அறிந்த வரையில், இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இரண்டில் எதுவும் விளங்குவதில்லை. ஏனென்றால், அந்தக் கருவியில் நாம் பணம் கொடுத்து வாங்குவது கணக்கிடும் சாமர்த்தியத்தைக் காட்டிலும், கணக்கிடும்போது பிறக்கும் உஷ்ணத்தை வெளியேற்றும் சாமர்த்தியத்தையே ஆகும்.

ஊரறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் கம்பெனி 2025 மார்ச்சில் வெளியிட்ட மேக்புக் ஏர் என்னும் மெல்லிய கணினியில் எம்4 என்ற சிப் இருக்கிறது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 14 அங்குல மேக்புக் புரோவின் ஆரம்ப மாதிரியிலும் அதே எம்4தான் இருக்கிறது. மெமரி 16 ஜிபி, சேமிப்பு 512 ஜிபி என்று இரண்டையும் சமமாக வைத்து ஒப்பிட்டால், வெளிவந்தபோது இந்தியாவில் முன்னதன் விலை ரூ. 1,19,900 ஆகவும், பின்னதன் விலை ரூ. 1,69,900 ஆகவும் இருந்தது. வித்தியாசம் சரியாக ஐம்பதாயிரம். முன்னதில் விசிறி கிடையாது, பின்னதில் உண்டு. பின்னதன் திரை இன்னும் பிரகாசமானது, பாட்டரியும் பெரியது (53.8 வாட்-மணிக்குப் பதிலாக 72.4) என்பவை உண்மையே, ஆயினும் இரண்டுக்கும் இடையே சுபாவத்தையே மாற்றுவது அந்தச் சின்னஞ்சிறு விசிறிதான்.

ஏன் என்று பார்ப்போம். எம்4 சிப்பினுள் 2,800 கோடி டிரான்சிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு குடம் என்று பாவித்துக்கொள்ளலாம். கணக்குப் போடுவது என்பது அக்குடங்களை நிரப்புவதும் கவிழ்ப்பதுமேயன்றி வேறில்லை. குடத்தை இரு மடங்கு உயரத்துக்கு நிரப்பினால், தண்ணீரும் இரு மடங்கு, அதை ஏற்ற வேண்டிய உயரமும் இரு மடங்கு. ஆகவே உழைப்பு நான்கு மடங்காகிறது. மின்னழுத்தமாகிய வோல்டேஜ்தான் இந்த உயரம். வினாடிக்கு எத்தனை தடவை நிரப்பிக் கவிழ்க்கிறோம் என்பதுதான் சிப்பின் வேகம். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால், குடம் சீக்கிரம் நிரம்ப வேண்டி வோல்டேஜையும் கூடவே உயர்த்தியாக வேண்டும் என்பதனால், ஸ்தூலமாகச் சொல்லின், உஷ்ணம் வேகத்தின் கனமாக, அதாவது வேகத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கிய விகிதத்தில் ஏறுகிறது.

இதன் விளைவு விசித்திரமானது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தினால் உஷ்ணம் 1.2 x 1.2 x 1.2, அதாவது ஏறக்குறைய 1.73 மடங்காகிறது, வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டாலோ, 0.8 x 0.8 x 0.8, அதாவது பாதியளவாகச் சுருங்கிவிடுகிறது. வேகத்தின் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்காகத்தான் உஷ்ணத்தின் ஏறக்குறையப் பாதி பிறக்கிறது. செப்புக் குழாயும், இரட்டை விசிறியும், கனத்த சார்ஜரும், பெரிய பாட்டரியும், இவற்றையெல்லாம் தாங்கும் உலோகக் கூடும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பங்கின் பொருட்டே. விலைப்பட்டியலில் மேலே போகப் போக, கொஞ்சம் வேகத்துக்கு நிறையப் பணம் கேட்கிறார்களே என்று நாம் நொந்துகொள்வதற்கு வியாபாரியின் பேராசை ஒரு காரணமாக இருக்கலாம். குடத்தின் கணக்கு அதற்கு முந்திய காரணம்.

முற்காலத்தில் இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க வோல்டேஜும் குறைந்துகொண்டே வரும், ஆகவே எத்தனை நெருக்கமாக அடைத்தாலும் சூடு மிஞ்சாது என்று 1974இல் ராபர்ட் டென்னார்ட் என்ற பொறியாளர் தம் சகாக்களுடன் காட்டிய விதி, முப்பது வருஷம் போலக் கம்ப்யூட்டர் உலகைத் தாங்கி வந்து, 2005ஐ ஒட்டிக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் வேகம் என்பது உஷ்ணத்தின் அடிமையாயிற்று. அதற்காக ஆதிகாலத்துக் கணினிகள் வெயிலில் காய்ந்தன என்று அர்த்தமல்ல. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஜெர்மன் உதவியோடு வந்திறங்கிய ஐ.பி.எம். 370 போன்ற யந்திரங்கள், பேராசிரியர்களுக்கே கிட்டாத குளிர்பதன அறையில் ராஜோபசாரத்தோடு வீற்றிருந்தன. மாணவர்கள் துளையிட்ட அட்டைகளை ஏந்திக்கொண்டு வெளியே வியர்த்து நின்றார்கள். இப்போதோ யந்திரமும் நம் மடியிலேயே அமர்ந்து நம்மோடு சேர்ந்து வியர்க்கிறது.

அது எந்த ஊரில் வியர்க்கிறது என்பது முக்கியம். மேக்புக் கணினிகள் இயங்குவதற்குரிய சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கிறார். மே மாதத்து மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கை அறிந்தவர்க்கு இந்த 35 ஒரு வேடிக்கையாகப் படும். அதுவும் நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு. மொட்டை மாடிக்கு அடியிலுள்ள அறையின் கணக்கு வேறு. கடை வெப்பமோ 22. நாம் பார்ப்பது 22இல், உபயோகிப்பது 38இல்.

இந்தப் பதினாறு டிகிரி என்ன செய்யும் என்று பெண்ணை உட்கார வைத்துக் காகிதத்தில் கணக்கிட்டோம். விசிறி உள்ள கணினியில் சிப் ஏறத்தாழ 100 டிகிரி வரை சூடேறலாம். அதற்கு மேல் போகாதபடி அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உஷ்ணம் வெளியேறும் அளவு, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கடையில் அந்த வித்தியாசம் 78. எங்கள் மாடியறையில் 62. ஆகவே வெளியேற்றும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் குடத்தின் கணக்கைத் திருப்பிப் போட்டால், உஷ்ணத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேகத்தில் நூற்றுக்கு ஏழு விட்டுக்கொடுத்தால் போதும். தாம்பரத்து வெயிலுக்கு இவ்வளவுதான் வரி என்பதில் எனக்கே சற்று ஏமாற்றமாயிருந்தது. பெரிய எண்ணாக வரும் என்று நினைத்திருந்தேன்.

விசிறியில்லாத கணினியின் கதை வேறு. அதன் உஷ்ணமெல்லாம் உலோக வெளித்தகட்டின் வழியாகவே வெளியேற வேண்டும். அந்தத் தகடோ மனிதனின் தொடையைச் சுடும்படி சூடேறக் கூடாது. தோலின் பொறுமையை வைத்துச் சக்தியைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை ஏ.எம்.டி. கம்பெனி தன் சிப்புகளிலேயே அமைத்திருக்கிறது. கணக்குக்காக அந்த எல்லையை 45 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கடையில் தகட்டுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 23. எங்கள் அறையில் வெறும் 7. வெளியேறும் உஷ்ணம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. வேகத்தில் மூன்றிலொன்று பறிபோகிறது. ஒரே சிப், ஒரே ஊர், ஒரே வெயில். விசிறி உள்ளதற்கு ஏழு சதவீதம் நஷ்டம், இல்லாததற்கு முப்பத்துமூன்று.

அப்படியானால் கடையில் ஏன் இது தெரிவதில்லை? அரைக் கிலோ அலுமினியம் ஒரு டிகிரி சூடேற உத்தேசமாக 450 ஜூல் வேண்டும். சிப் 15 வாட் வீதம் உஷ்ணத்தைக் கொட்டுகிறது என்று கொண்டால், காற்றில் போவதைச் சேர்க்காமலே, தகடு 22இலிருந்து 45க்கு ஏறப் பதினோரு நிமிஷத்துக்கு மேலாகும். அதுவரையில் கணினி தன் முழு வேகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். 38 டிகிரி அறையில் அதே உலோகம் மூன்றரை நிமிஷத்தில் நிரம்பிவிடும். கடைக்காரர் காட்டுவது முதல் ஐந்து நிமிஷம். நாம் வாங்குவது ஆறாவது நிமிஷத்திலிருந்து.

காகிதத்தை நம்பாதவர் எங்கள் நண்பர். பெண்ணின் அத்தை மகன், தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்ப்பவன், விசிறியில்லாத மடிக்கணினி ஒன்று வைத்திருந்தான். (காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டுமென்று டாக்டர் சௌரி முத்து 1928இல் ஆரோக்கிய நிலையம் அமைத்ததனால் அப்பெயர் பெற்ற இடத்தில், இப்போது ஆயிரக்கணக்கானோர் ஜன்னல் திறவாத ஏ.சி. அறைகளில் பணியாற்றுகிறார்கள் என்பது காலத்தின் கோலம்.) அதைக் கொண்டுவரச் செய்து, மாடியறையிலேயே அவள் எடுத்த ஒரு கல்யாண வீடியோவை மூன்று தடவை தொடர்ச்சியாக எக்ஸ்போர்ட் செய்து பார்த்தோம். முதல் தடவை எவ்வளவு நேரத்தில் முழுவதும் முடிந்ததோ, அவ்வளவு நேரத்தில் மூன்றாவது தடவை முக்கால்வாசிகூட முடியவில்லை. நண்பர் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, தோசைக்கல்லைச் சோதிப்பவர் போல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். அத்தை மகனுக்குத்தான் ஆச்சரியம். "ஆபீஸ்ல ஒருநாளும் இப்படி ஆனதில்லையே!" ஆகாதுதான், அவன் போடுவது எக்செல் கணக்கு, இருப்பது ஏ.சி. அவனுக்கு அது குற்றமற்ற கருவி, இரைச்சலும் இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதி அடைத்துக்கொள்ள விசிறியும் இல்லை.

"சரி, ஃபேனுக்கு அம்பதாயிரமா?" என்று நண்பர் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்தார். நியாயமான கேள்வி. திரைக்கும் பாட்டரிக்கும் உரியதைக் கழித்தாலும், அந்த வித்தியாசம் பொருளின் அடக்கச் செலவாக மட்டும் இருக்க முடியாது. இதற்கு விடை ரயிலிலேயே இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். 1849இல் ஜூல் தூப்பூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டிருப்பதன் ரகசியத்தை விளக்கினார். கூரைக்கு ஆகும் செலவு அற்பமே. ஆனால் கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவனும் மூன்றாம் வகுப்பிலேயே ஏறிவிடுவான். ஏழையை நனைய வைப்பது கம்பெனியின் நோக்கமல்ல. பணக்காரனைப் பயமுறுத்துவதே நோக்கம். நண்பர் உரக்கச் சிரித்தார். அவர் உத்தியோக வாழ்வில் எத்தனை வகுப்புகள் வந்து போயின என்று அவருக்குத் தெரியாதா?

மடிக்கணினி வியாபாரத்தில் இந்தக் கூரையில்லாப் பெட்டிகள் ஏராளம். மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிட்டு, பின்னால் தனியாகச் சேர்க்க முடியாதபடி செய்வது ஒன்று. மேற்சொன்ன மேக்புக் ஏரில் சேமிப்பை 256இலிருந்து 512க்கு உயர்த்த ரூ. 20,000 கேட்கப்பட்டது. வெளியே சொருகும் எஸ்.எஸ்.டி. அதில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைத்தது. படச்சுருள்களை அதில் வைத்துக்கொள்ளலாம். மெமரிக்கு அப்படி வெளிப்பரிகாரம் கிடையாது. ஆகவே பணத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டிய இடம் மெமரி. இறுக்கிப் பிடிக்க வேண்டிய இடம் சேமிப்பு.

பெயர் மயக்கம் மற்றொன்று. 2016இல் வந்த இன்டெல் ஐ7-7500யு என்பதில் கணிக்கும் கருக்கள் இரண்டே. மேஜைக் கணினியில் ஐ7 என்ற அதே பெயருக்கு அன்று குறைந்தது நான்கு. ஏ.எம்.டி.யின் ரைசன் 7520யு, பெயரால் 7000 வரிசை; உள்ளே இருக்கும் வடிவமைப்பு 2019இல் வந்தது. இவற்றையெல்லாம் விஞ்சியது என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 மடிக்கணினி மாதிரி. அதற்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் கொடுத்துக்கொள்ள, கணினி தயாரிப்பவருக்கு அனுமதி உண்டு. மூன்று மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம், ஒரே ஒட்டுச்சீட்டின் கீழ்! அரிசி மூட்டைமேல் 'பொன்னி' என்று எழுதிவிட்டு எடையை எழுதாமல் விட்டது போல. எத்தனை வாட் என்று கேட்டால் பெரும்பாலான கடைகளில் சார்ஜரின் வாட்டைச் சொல்வார்கள், அது வேறு.

அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி மகனிடம் சொல்லி வாங்கிவரச் செய்தால் மலிவு என்று தெருவுக்கு நாலு பேர் நம்புகிறார்கள். 16 ஜிபி, 256 ஜிபி கொண்ட ஏர், 2025 மார்ச்சில் வெளிவந்தபோது அங்கே 999 டாலராகவும், இங்கே ரூ. 99,900 ஆகவும் இருந்தது. இங்குள்ள விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருந்தது, அதைக் கழித்தால் ரூ. 84,661. அங்குள்ள விலையில் மாநில விற்பனை வரி சேரவில்லை. டாலர் 87 ரூபாயாயிருந்த அந்நாளைய மதிப்பில் அது ரூ. 86,913. வரியை நீக்கிப் பார்த்தால் நம் ஊர் விலைதான் ஒரு பிடி குறைவு. மாணவர்களுக்கு இங்கேயே ரூ. 89,900க்குக் கொடுத்தார்கள். தம்பி மகனின் பெட்டியில் வேறு ஏதாவது வரட்டும்.

இத்தனை விலை கொடுக்க மனமில்லாதவர்க்கு இன்னொரு வழி உண்டு. கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துக் கழித்துவிடும் உயர்தர ஆபீஸ் கணினிகள், பாட்டரி மாற்றப்பட்டுச் சென்னை ரிச்சி தெருவில் விற்பனைக்கு வருகின்றன. திருகைக் கழற்றி மெமரியைச் சேர்க்கக்கூடியவை அவற்றில் பல. பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் பழைய மின்னணுச் சாமான்கள் குவிகின்றன. ஆனால் அங்கே வாங்குவதற்குக் கண்ணும் கையும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பல்லாவரத்தில்தான், 1863 மே 30ஆம் தேதி, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஆதிமனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். பல்லாவரம் மலையில் பெரும்பாலும் சார்னோக்கைட் என்னும் கருங்கல். அந்த ஆயுதமோ குவார்ட்ஸைட். காலடியில் கிடந்த கல்லை விட்டுவிட்டு, கூர் நிற்கும் கல்லைத் தேர்ந்தெடுத்த அந்த முன்னோரிடம் எவரும் ஒட்டுச்சீட்டைக் காட்டியிருக்க முடியாது. உடைத்துப் பார்த்தே அறிந்திருப்பார்.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்த பெண்தான் அதைக் கேட்டாள்: "அங்கிள், தகட்டுக்கும் காத்துக்கும் வித்தியாசம் ஏழுன்னீங்க. காத்தை வேகமா அடிச்சா?" நான் ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனேன். அசையாத காற்றைவிட வீசும் காற்று இரண்டு, மூன்று மடங்கு உஷ்ணத்தை வாரிச் செல்லும். ஏழை மூன்றால் பெருக்கினால் இருபத்தொன்று. கடையின் இருபத்துமூன்றுக்கு அருகே வந்துவிடுகிறது. நாற்பது வருஷம் பௌதிகம் போதித்த எனக்கு இது தோன்றவில்லை. பரணிலிருந்து பழைய மேஜை விசிறியை இறக்கி, அத்தை மகனின் கணினியைப் பின்புறம் இரண்டு பென்சில்மேல் நிமிர்த்தி வைத்து, நான்காம் தடவை ஓட்டினோம். முதல் தடவை ஆன நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, அவ்வளவே.

அவள் விசிறியில்லாததையே வாங்கினாள். மிச்சமான பணத்தில் ஒரு பகுதி மெமரிக்குப் போயிற்று. வாசகர்கள் எதை வாங்கினாலும் சரி, கடையில் ஒரு வீடியோவைத் தொடர்ந்து இருபது நிமிஷம் எக்ஸ்போர்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். மேஜை விசிறி இன்னும் எதிர்வீட்டு மாடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரண்ட் போகும்போது நின்றுவிடுகிறது என்பதனால், நண்பர் அதை இன்வெர்ட்டரில் சேர்த்துவிட்டார்.